உள்ளூர்ப் பெருசுகளுக்கு மட்டும்

மதிவாணன் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். கன்வேயர் பெல்ட் ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மனு எழுதினார் என்று அவர் மனைவி ருக்குமணி சொல்வாள். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால், மனு எழுதிய நேரம் போக மிச்ச நேரத்தில்தான் பெல்ட் ஓட்டினார் என்பார்கள்.

கேன்டீன் வடையின் எடை, ஷிப்ட் பஸ் நிற்கும் இடம், மழைக்கோட்டின் நீளம் என்று அவர் மனு போடாத சங்கதி இல்லை. பாதிக்குப் பாதி பலித்தும் இருக்கிறது. வடை கொஞ்சம் பருத்தது அவரால்தான். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்றதும் கை ஒடிந்ததுபோல் ஆகிவிட்டது. சுரங்க டவுன்ஷிப்பில் அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் இப்போது, அங்கே வேலை பார்க்கும் மகள் தமிழ்நிலா பேரில் இருந்தது. அப்பா வாய் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிற பெண் அவள். அப்புறம் எதற்கென்று எழுதுவது, யாருக்கென்று எழுதுவது?

அவர்கள் பிளாக்கில் இருந்த மூத்தோர் நல மன்றத்துக்கு அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். அங்கே நான்கு பேப்பர் வரும், இரண்டு கேரம் போர்டு உண்டு. செவ்வாயும் சனியும் ஒரு பிசியோதெரபி டாக்டர் வந்து பெரியவர்களின் முட்டிக்குக் கரண்டு வைத்து, காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். மதிவாணன் வந்த பிறகு அந்த ஏற்பாடு ஒழுங்குக்கு வந்தது. யார் யாருக்கு எந்த நேரம், என்ன கட்டணம் என்று விதி எழுதி, கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார். விதி எழுதுவதும் ஒருவகையில் எழுத்துதானே.

தூண்டில் பழக்கம் நாசரால் வந்தது. நாசர் அதே சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று முதல் பத்து வருஷம் காத்திருந்து, பிறகு காத்திருப்பதை மறந்துவிட்டவர். அவருக்காக மதிவாணன் நான்கு மனு எழுதினார். நான்கும் பலிக்காத பாதியில் போய்ச் சேர்ந்தன. அதற்காக நாசர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேலை முடிந்ததும் வடலூரில் இருக்கும் சொந்த வீட்டோடு இருந்துகொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஆலங்கொண்டான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஒருநாள் மதிவாணனையும் கூட்டிப் போனார். அன்றைக்கு மதிவாணனின் முள்ளில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

ஏரி, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் குத்தகையில் இருந்தது. தூண்டில் போட வருகிறவர்கள் கரையில் இருக்கும் தகர ஷெட்டில் அன்றைக்கு அன்றைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். நூறு ரூபாய். இசைப்பிரியா என்ற பெண் கம்ப்யூட்டரில் தட்டி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஷெட்டின் வாசலில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. 'அறுபது வயது நிறைந்த உள்ளூர் மூத்த குடிமக்களுக்குத் தூண்டில் லைசென்ஸ் பாதிக் கட்டணம்.' மதிவாணன் நல்லதை மட்டும் படித்துக்கொண்டு உள்ளே போய் ஐம்பது ரூபாயை நீட்டினார்.

"சார், இன்னும் அம்பது" என்றாள் இசைப்பிரியா.

"பலகையப் பாத்தியாம்மா? எனக்கு அறுபத்தாறு."

"நான்தான் சார் எழுதினேன். 'உள்ளூர்'னு போட்டிருக்கேன் பாருங்க."

"உள்ளூருன்னா?"

"ஆதார்ல ஆலங்கொண்டான் பஞ்சாயத்துன்னு இருக்கணும்."

"அப்ப டவுன்ஷிப்ல இருக்கறவனுக்கு வயசாகாதா? ஏரியிலேர்ந்து பதிமூணு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தா முடி நரைக்காதா?"

இசைப்பிரியா அவருடைய தலையை ஒருமுறை நல்லெண்ணத்தோடு பார்த்தாள். "அது நரைச்சிருக்கு சார். ஆனா கம்ப்யூட்டர் பின்கோடு மட்டுந்தான் கேக்குது."

பின்னால் நின்ற நாசர், தனக்கு நூறு ரூபாயும் மதிவாணனுக்கு ஐம்பதும் சேர்த்து மேஜையில் வைத்துவிட்டு, "வாங்கண்ணே, வெயில் ஏறுது" என்று தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

அன்று மதிவாணனின் கண் தண்ணீரில் இல்லை.

"கிழவன் எங்க இருந்தாலும் கிழவன்தானே நாசர்?"

"ஆமாண்ணே. தக்கை அமுங்குது, பாருங்க."

"ரயில்ல சலுகை குடுத்தப்ப ஊரு கேட்டா குடுத்தான்?"

"இப்ப அந்தச் சலுகையே இல்லண்ணே. தக்கை, தக்கை!"

மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அப்போதுதான் நாசர் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார். "அண்ணே, நாம மீனு புடிக்க வந்தமா, மனு குடுக்க வந்தமா?"

மதிவாணன் தூண்டிலைக் கீழே வைத்தார். ஆறு வருஷமாக அவர் காதில் யாரும் 'மனு' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மனு தயாரானது. ஐந்து பக்கம், பதினோரு அம்சம். முதுமைக்கு எல்லைக்கல் கிடையாது என்பது முதல் அம்சம். ஒரே ஏரி, ஒரே மீன், இரண்டு கட்டணமா என்பது ஏழாவது. ருக்குமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அம்பது ரூபா கொறைக்கச் சொல்ல, ஜெராக்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?"

"எண்பது. இது பணப் பிரச்சினை இல்ல ருக்கு. கொள்கை."

"கொள்கைய வெச்சிக் கொழம்பு வெக்க முடியாதுங்க. போன வாரம் நீங்க கொண்டாந்தது என் கட்டைவெரல் தண்டிதான் இருந்துச்சு. அதுக்கு உள்ளூர் ரேட்டு போட்டாலும் நஷ்டம்."

காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார். மூன்று நாளில் நாற்பத்தோரு பேர் போட்டார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேர் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. சலுகை என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைக் கேட்டார்கள். மறுத்தவர் சிவப்பிரகாசம் ஒருவர்தான். அவர் பூசத்துக்குப் பூசம் வடலூர் சபைக்கு நடந்தே போகிறவர். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

"பாதி விலைக்குக் கொல்றதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார் அவர். "விலைய ரெண்டு மடங்கு ஆக்கச் சொல்லி எழுதிக் கொண்டாங்க. மொதக் கையெழுத்து என்னுது."

சங்கத்தின் பொதுக்கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, அதே ஷெட்டில் நடந்தது. மதிவாணன் நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் போனார். துணைக்கு நாசர். சுமார் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி பொன்னம்மாள், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் இருந்தாள். எதிர்க்கரையில் வலை இழுப்பவனை இந்தக் கரையிலிருந்தே திட்டிப் பழகிய குரல் அவளுக்கு. மைக் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"சாரு ஏதோ பேசணுமாம். பேசட்டும்" என்றாள்.

மதிவாணன் எழுந்தார். பழக்கதோஷத்தில் "தோழர்களே!" என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. முதுமையைப் பற்றிச் சொன்னார். முதுமைக்கும் பின்கோடுக்கும் சம்பந்தம் இல்லாததைச் சொன்னார். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீரும் இந்த ஏரிக்குத்தான் வந்து சேர்கிறது, அப்படிப் பார்த்தால் தாமும் இந்த ஏரிக்கு ஒருவகையில் உள்ளூர்தான் என்று சொன்னபோது, கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

நல்லசாமி என்பவர் எழுந்தார். "மீன்குஞ்சு வாங்கி உடறது நாங்க. ராப்பகலா காவல் காத்துகினு கெடக்கறது நாங்க. நீங்க நாற்காலிய மடக்கி எடுத்தாந்து, உக்காந்துகினு புடிச்சிகினு போறீங்க. எங்கூரு பெருசுங்க ஆயுசுக்கும் தண்ணியில நின்ன காலுங்க. அதுக்குத்தான் பாதி."

"என் காலும் முப்பத்து நாலு வருஷம் கரிப்புழுதியில நின்ன காலுதாங்க" என்றார் மதிவாணன். "வலி ரெண்டு காலுக்கும் ஒண்ணுதான். எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டா வலிக்குது?"

இது நன்றாக எடுபட்டது. பின்வரிசையில் ஒரு கிழவர் தலையை ஆட்டினார். பொன்னம்மாளும் ஆட்டினாள்.

"சாரு சொல்றது ஞாயந்தான்" என்றாள்.

மதிவாணனுக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. திரும்பி நாசரைப் பார்த்தார். நாசர் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றாள் பொன்னம்மாள். "டவுன்ஷிப்புல மூத்தோர் மன்றம்னு இருக்கே, அதுக்கு நீங்கதானே செயலாளரு?"

"ஆமாம்மா. நான்தான்."

"அண்ணே, அந்தச் சீட்ட எடுத்துக் குடு."

தலையாட்டிய அதே கிழவர், வலது காலை நீட்டி வைத்தபடி, சட்டைப்பையில் இருந்து நான்காய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் பொன்னம்மாளின் அண்ணன் பாவாடை. இசைப்பிரியா அதை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் கணீரென்று படித்தாள்.

"முழங்கால் சிகிச்சை. வெளியூர் நபர். சலுகை கிடையாது. முழுக் கட்டணம். இப்படிக்கு மதிவாணன், செயலாளர்." பிறகு பொன்னம்மாளிடம் காட்டினாள். "கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப்புங்க."

பாவாடை பேசினார், கோபமாக இல்லை. "ரெண்டு தபா வந்தேன் சார். நல்லா கரண்டு வெச்சாங்க. வூட்டுக்கு வந்து கரையில ஒரு சுத்து நடந்தேன், வலியே தெரியல. ஆனா முழு காசும் குடுத்து, பஸ்ஸுக்கும் குடுத்து, கட்டுப்படி ஆவல. உட்டுட்டேன்."

மனுவை நீட்டிய கையை மதிவாணன் மெல்ல இறக்கினார். கையில் ஐந்து பக்கமும் நாற்பத்தோரு கையெழுத்தும் இருந்தன.

"நாங்க உங்க மனுவத் தள்ளலீங்க சார்" என்றாள் பொன்னம்மாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதில் விஷம் இல்லை. "பத்திரமா வெச்சிக்கிறோம். அங்க நீங்க 'உள்ளூர்'ங்கறத எடுத்துட்டு வாங்க. அன்னிக்கே இங்க நாங்க எடுத்துடறோம்."

திரும்பும் வழியில் வடலூர் வரை மதிவாணன்தான் மொபெட்டை ஓட்டினார். நாசர் பின்னால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடையில் நிறுத்தினார்கள்.

"நாசர். மன்றத்துல உங்கிட்ட எவ்வளவு வாங்கறாங்க?"

நாசர் டீயை ஊதினார். "எதுக்குண்ணே இப்ப?"

"சொல்லு."

"முழுசுதான். நான் வடலூரு. பெர்மனென்டும் கெடையாது. சொவத்துல ஒட்டியிருக்கே."

"எத்தனை நாளா?"

"ரெண்டரை வருஷம் இருக்கும்."

அந்த இரண்டரை வருஷமும் செவ்வாய்க்கிழமைகளில் மதிவாணன் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார். முட்டியில் கரண்டு பாயும்போது நாசரின் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சீட்டுப் போடுவது பொருளாளர் அறிவழகனின் வேலை என்பதால் நாசரின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணுவீங்க? மனு எழுதுவீங்க. யாருக்கு எழுதுவீங்க? செயலாளருக்கு." நாசர் சிரித்தார். "செயலாளரு ரொம்பக் கறாரான ஆளுண்ணே. எனக்கு நாலு மனு அனுபவம் இருக்கு."

டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். மதிவாணனால் சிரிக்க முடியவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு ருக்குமணி பிடித்துக்கொள்வாள், ஒரு வாரத்துக்கு விடமாட்டாள் என்று எதிர்பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கிண்டல் பண்ணவில்லை.

"அந்த விதிய எழுதிட்டு வந்து நீங்க எனக்குத்தான் மொதல்ல படிச்சிக் காட்டுனீங்க" என்றாள். "நல்லா இருக்குங்கன்னு நானுந்தான் சொன்னேன். பாய் அண்ணன் நெனப்பு எனக்கும் வரலையே."

புதன்கிழமை மன்றத்தின் செயற்குழு கூடியது. ஒன்பது பேர். விதியிலிருந்து உள்ளூர், வெளியூர் என்ற பாகுபாட்டை நீக்க வேண்டும் என்று மதிவாணன் தீர்மானம் கொண்டுவந்தார். அறிவழகன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். அவருக்கு மதிவாணனை ரொம்பப் பிடிக்கும்; ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் எல்லா நாளும் வாய்க்காது.

"போன தீர்மானத்துல செயலாளர் பேசினத அப்படியே படிக்கிறேன். 'வெளியூர்க்காரர்களுக்கும் சலுகை என்று திறந்துவிட்டால் நாளைக்குக் கடலூரிலிருந்தும் முட்டிகள் வரும். நம் முட்டிகளை யார் பார்ப்பது?' கைதட்டல்னு அடைப்புக்குறியில போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"நீங்கதான் போடச் சொன்னீங்க."

எல்லோரும் சிரித்து ஓயும்வரை மதிவாணன் காத்திருந்தார்.

"எழுதினவன் நான்தான். இல்லேன்னு சொல்லல. எழுதும்போது என் கண்ணுக்குக் கூட்டம் மட்டுந்தான் தெரிஞ்சுது, ஆளு தெரியல. இப்ப ரெண்டு ஆளத் தெரியும். ஒருத்தர் ரெண்டு தடவ வந்துட்டு, பஸ் காசுக்கும் சேத்துக் கட்டுப்படியாகாம நின்னுட்டாரு. இன்னொருத்தன் நம்ம எல்லாருக்கும் லைன் இழுத்து, ஃபியூஸ் போட்டு, நம்மகூடவே அதே ஷிப்ட்ல நின்னவன். அவன் வெளியாளுன்னு நான் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கேன். தெனமும் அதத் தாண்டித்தான் உள்ள வந்தேன், படிக்கல."

"அது சரி" என்றார் அறிவழகன், கொஞ்சம் இறங்கிய குரலில். "டாக்டர் ரெண்டு மணி நேரந்தான் இருக்காரு. நம்மாளுக்கு நேரம் பத்தாதே."

"என்னோட நேரத்த எடுத்துக்கங்க. என் முட்டி தாங்கும்."

கை தூக்கச் சொன்னார்கள். எட்டுப் பேர் நான்கும் நான்குமாகப் பிரிந்தார்கள். மிச்சம் இருந்தவர் சிவப்பிரகாசம். அவர் வழக்கம்போல் கண்ணை மூடி யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று அறிவழகன் லேசாக இருமினார்.

"இதுல மீனுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

தீர்மானம் நிறைவேறினால் ஏரியில் சலுகை கிடைக்கும் என்பது உண்மை. மறைக்க மதிவாணனுக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் உண்டு" என்றார்.

"எவ்வளவு மீனு?"

பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டார். "புடிக்கப்போறது இவருங்க. அதனால மீனுக்கு ஆபத்தில்ல."

சிவப்பிரகாசம் திருப்தியோடு கையைத் தூக்கினார்.

மறுநாள் தீர்மானத்தின் நகலோடு மதிவாணன் ஏரிக்குப் போனார். பொன்னம்மாள் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு இசைப்பிரியாவைக் கூப்பிட்டு, படகுக்கு அடிக்கும் தாரைக் கொண்டுவரச் சொன்னாள். பலகையில் 'உள்ளூர்' இருந்த இடத்தில் பட்டையாக ஒரு இழுப்பு.

"கம்ப்யூட்டர் ஒத்துக்காதே" என்றாள் இசைப்பிரியா.

"அதுங்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ பேனாவால எழுதிக் குடு."

சலுகை வந்த செய்தி டவுன்ஷிப்புக்குப் போன வேகத்தில் வேறெதுவும் போனதில்லை. அடுத்த திங்கட்கிழமை பதினேழு பெரியவர்கள் ஏரிக்கரைக்கு வந்து இறங்கினார்கள். புதுத் தூண்டில், மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், மாத்திரை டப்பா. ஒருவர் ரேடியோவும் கொண்டுவந்திருந்தார். புழுவைக் கோர்க்கப் பயந்து நான்கு பேர் நாசரிடம் வரிசையில் நின்றார்கள். பென்ஷன், பேரன் படிப்பு, சர்க்கரை அளவு என்று பேச்சு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தது. மீன்கள் எல்லாம் ஏரியின் நடுவே போய் ஒதுங்கிவிட்டன.

"இத்தனை பேருக்கும் நீங்கதாண்ணே பொறுப்பு" என்று நாசர் அவர் காதில் சொன்னார்.

நல்லவேளையாக வெயில் மதிவாணன் பக்கம் இருந்தது. இரண்டாவது வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். நான்காவது வாரம் பழையபடி அவர்கள் இரண்டு பேர்தான். பாவாடையோ வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை மன்றத்துக்கு வந்தார். கேரம் போர்டில் அவர் குறி தப்பாது என்பது மூன்றாவது வாரம் தெரிந்தது. அறிவழகன் அவரைத் தம் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். கடலூரிலிருந்து முட்டிகள் எதுவும் வரவில்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வியாழக்கிழமை ருக்குமணி, "அப்படி என்னாதான் அங்க செய்யறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு வடலூர் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வந்தவள் ஏரியைப் பார்க்கவில்லை. பொன்னம்மாளைப் பார்த்துவிட்டாள். இருவரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, மருமகள்களில் தொடங்கி எங்கெங்கோ போனார்கள்.

மதியத் தொழுகைக்கு நேரமானது. நாசரின் தூண்டிலில் உயிரோடு ஒரு பொடி மீன் கோர்த்து, விராலுக்காகக் கோரைப்புல் ஓரம் போட்டிருந்தது. "கொஞ்சம் இதைப் புடிச்சிக்கம்மா. பத்து நிமிஷம்" என்று கழியை ருக்குமணியிடம் கொடுத்துவிட்டு, நாசர் கைகால் கழுவப் போனார்.

ருக்குமணி கழியைக் குடையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். நாசர் துண்டை விரித்து நின்றிருப்பார். கோரைப்புல் ஒருமுறை ஆடியது. அடுத்த கணம் கழி வில்லாய் வளைந்து, ருக்குமணி எழுந்து இரண்டு அடி தண்ணீருக்குள் போய்விட்டாள்.

"கயித்த லூசா உடு ருக்கு, லூசா உடு!" என்று கத்தியபடி மதிவாணன் ஓடி வந்தார். "இழுக்காத! எடப்பக்கம் சாய்! ஐயோ, வலப்பக்கம்!"

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் ருக்குமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாத்தாடி, உடாத! பின்னாலயே நட, பின்னாலயே நட!" இது பொன்னம்மாள். அந்தக் குரலை மட்டும் ருக்குமணி கேட்டாள். கழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரிவர்ஸில் கரையேறி, புங்கமரம் முதுகில் முட்டும்வரை போனாள். அவளுக்கு எதிரே புல்லைப் பிளந்துகொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கருவிரால் கரையில் வந்து விழுந்து துள்ளியது. மதிவாணன் அதன்மேல் துண்டைப் போட்டு, துண்டின்மேல் தானும் விழுந்தார்.

தொழுதுவிட்டு வந்த நாசர், மீனையும் சேறான மதிவாணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, ஆறு வருஷத்துல இப்படி ஒண்ணு நாம பாத்ததே இல்லையே."

"பாரு, தூண்டில் உன்னுது. அப்ப மீனும் உன்னுதுதான்" என்றார் மதிவாணன், மூச்சு வாங்க.

"இழுத்தது தங்கச்சி. நான் எப்படிண்ணே எடுத்துக்கறது?"

பொன்னம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் செத்த இருங்க. லைசென்ஸ் இல்லாதவங்க மீனு புடிச்சிருக்காங்க. அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

பொன்னம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ருக்குமணியைப் பார்த்தாள். "வயசு என்னாக்கா?"

"அறுபத்து மூணு."

"அப்ப பாதிதான். போயி வாங்கிக்க. ஏ இசை, அக்காவுக்கு ஒரு சீட்டு எழுது."

ஈரப்புடவையோடு ருக்குமணி ஷெட்டுக்குப் போய் ஐம்பது ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினாள். இசைப்பிரியா போனில் அவளையும் மீனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். மதிவாணன் பக்கத்தில் வந்து நிற்கப் பார்த்தார். சேறாக இருக்கிறது என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நாசரும் அவர் மனைவி தாஜ் பீவியும் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். குழம்பை ருக்குமணி வைத்தாள், வறுவலைத் தாஜ் பீவி பார்த்துக்கொண்டாள். தலை நாசருக்கு, நடுத்துண்டுகள் பெண்களுக்கு என்று போனது போக, மதிவாணனின் தட்டில் வால் பக்கம் வந்தது. அவர் முள்ளைப் பொறுமையாக எடுத்துவிட்டுச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டு இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது, ருக்குமணி போட்டாள்.